கம்பெனி சொல்லாமல் விட்ட வழக்கு: பங்குதாரர் நிர்வாகத்திடம் கேள்வி கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீங்கள் பங்கு வைத்திருக்கும் லிஸ்டட் (பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட) கம்பெனியின் பெயர் நீதிமன்ற இணையதளத்தில் பிரதிவாதியாக நிற்கிறது. ஆண்டறிக்கையைப் புரட்டினால் அந்த வழக்கு இல்லை. பங்குச்சந்தைக்கு அனுப்பிய அறிவிப்புகளிலும் இல்லை. இந்த நிலையில் பெரும்பாலான பங்குதாரர்கள் ஏ.ஜி.எம்.மில் (ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்) எழுந்து, "நம் கம்பெனி மேல் கேஸ் இருக்கிறதாமே, உண்மையா?" என்று கேட்பார்கள். "விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறது, கருத்துச் சொல்ல முடியாது" என்று சேர்மன் ஒரே வரியில் முடித்துவிடுவார். அடுத்த ஸ்பீக்கரை அழைப்பார்கள்.

அந்தப் பதிலுக்கு இடம் கொடுத்தது கேள்விதான். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை நிர்வாகம் உங்களிடம் விவாதிக்காது, விவாதிக்கவும் கூடாது. ஆனால் "இதை வெளியிடத் தேவையில்லை" என்று ஒருவர் ஒரு நாளில் ஒரு கணக்கை வைத்து முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவு நீதிமன்றத்தில் இல்லை. உங்கள் கேள்வி முழுவதும் அதன்மேல் இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்தியாவில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்குப் பொருந்தும். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015 லிஸ்டிங் விதிமுறைகளும் 2013 கம்பெனிகள் சட்டமும்தான் அடிப்படை.

முதல் படி: வழக்கு உண்மையில் இந்தக் கம்பெனி மேல்தானா?

இந்த இடத்தில் சறுக்கினால் மற்ற எல்லாம் வீண். ஒரே மாதிரியான பெயரில் பல கம்பெனிகள் இருக்கும். குழுமப் பெயரில் வரும் வழக்கு துணை நிறுவனத்தின் மீதோ, புரமோட்டரின் தனிக் கம்பெனி மீதோ இருக்கலாம். மனுவிலோ உத்தரவிலோ உள்ள பதிவு அலுவலக முகவரியை, ஆண்டறிக்கையின் முதல் பக்கங்களில் உள்ள முகவரியோடும் சி.ஐ.என். எனும் கம்பெனிப் பதிவு எண்ணோடும் ஒப்பிடுங்கள்.

மாவட்ட நீதிமன்ற வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடலாம். டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஹைகோர்ட்டுகள் பெரிய தொகை உரிமையியல் வழக்குகளை நேரடியாகவே விசாரிப்பதால், அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். திவால் மனுக்களுக்கும் கம்பெனிச் சட்ட மனுக்களுக்கும் என்.சி.எல்.டி. (தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) தளம். பெயரை ஒரே ஒரு வடிவத்தில் தேடி நிறுத்திவிடாதீர்கள். "லிமிடெட்" என்பதைச் சுருக்கியும் விரித்தும், பழைய பெயரிலும், இணைக்கப்பட்ட கம்பெனிகளின் பெயரிலும் தேடுங்கள். பதிவேட்டில் எழுத்துப்பிழையோடு ஏறிய பெயர்கள் ஏராளம். முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் கொடுத்தால் அவையும் சிக்கும்.

ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன் நடக்கும் விசாரணை, பொதுவில் தெரியாது. ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 42ஏ பிரிவு அந்த நடவடிக்கைகளை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஆனாலும் அதைச் சுற்றி நீதிமன்றத்துக்கு வரும் மனுக்கள் தெரியும்: இடைக்காலப் பாதுகாப்பு கேட்கும் 9-ஆம் பிரிவு, நடுவரை நியமிக்கும் 11, தீர்ப்பை எதிர்க்கும் 34. பெரிய தொகைத் தகராறுகளின் முதல் தடயம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். அமெரிக்காவில் வியாபாரம் செய்யும் ஐ.டி., மருந்துக் கம்பெனிகளாக இருந்தால் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றங்களின் பேஸர் தளத்தையும் பாருங்கள்.

வழக்கு கிடைத்ததும் குறித்துக்கொள்ள வேண்டியவை: 16 இலக்க சி.என்.ஆர். எண் அல்லது ஹைகோர்ட் வழக்கு எண், தாக்கல் தேதி, எதிர்த் தரப்பு, கோரும் தொகை, தற்போதைய நிலை. இவற்றோடு இன்னொன்றும் வேண்டும், பலர் விட்டுவிடுவது: கம்பெனிக்கு நோட்டீஸ் கிடைத்த தேதி. வழக்கு தாக்கலாகி மாதக்கணக்கில் சம்மன் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் கிடப்பது சாதாரணம். அதுவரை வெளியீட்டுக் கெடு ஓடத் தொடங்கியிருக்காது என்று கம்பெனி வாதிடும். தினசரி உத்தரவுகளைத் திறந்து, பிரதிவாதியின் வக்கீல், நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதாகவோ வக்காலத்து தாக்கல் செய்ததாகவோ முதன்முதலில் எந்த உத்தரவு சொல்கிறது என்று பாருங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல வழியில்லை. உத்தரவை பி.டி.எஃப்.பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மனுவின் நகல் வேண்டுமானால் ஆர்.டி.ஐ. போட்டுக் காத்திருக்க வேண்டாம். மூன்றாம் தரப்பினர் காரணம் காட்டி, அந்தந்த ஹைகோர்ட்டின் விதிப்படி சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிப்பதே வழி.

இரண்டாம் படி: நிஜமாகவே வெளியிடவில்லையா?

"மறைத்துவிட்டார்கள்" என்று எழுதிய பிறகு, ஆண்டறிக்கையின் 214-ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருக்கிறது என்று செக்ரட்டரி சுட்டிக்காட்டினால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது. ஆகவே கீழ்க்கண்ட இடங்கள் எல்லாவற்றையும் பாருங்கள்.

நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் "கன்டின்ஜென்ட் லயபிலிட்டி" (நேரலாம், நேராமலும் போகலாம் என்ற பொறுப்பு) என்ற தலைப்பு, அதற்குள் "கடனாக ஏற்கப்படாத உரிமைகோரல்கள்" என்ற வரி. தனிக் கணக்கையும் ஒருங்கிணைந்த கணக்கையும் இரண்டையும் பாருங்கள். துணை நிறுவனத்தின் வழக்கு ஒருங்கிணைந்த கணக்கில் மட்டும் வரும். பல கம்பெனிகள் எல்லா வழக்குகளையும் கூட்டி ஒரே தொகையாகப் போட்டுவிடும். அப்படியிருந்தால் சென்ற ஆண்டுத் தொகையோடு ஒப்பிடுங்கள். புது வழக்கின் தொகை அளவுக்கு உயரவில்லை என்றால் அது அதில் சேரவில்லை என்று ஊகிக்க நல்ல காரணம் இருக்கிறது. வேறு வழக்கு முடிந்து கழிந்திருக்கவும் கூடும் என்பதால், இதைக் கேள்வியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் அறிக்கையில் இரண்டு இடங்கள். கம்பெனிகள் ஆடிட் விதிகளின் 11(ஏ) விதிப்படி, நிலுவையிலுள்ள வழக்குகளின் தாக்கத்தைக் கம்பெனி நிதிநிலை அறிக்கையில் வெளியிட்டிருக்கிறதா என்று ஆடிட்டர் தனியாகச் சொல்லியாக வேண்டும். அவர் சுட்டும் குறிப்பு எண்ணைத் தேடிப் போங்கள். அடுத்து காரோ 2020 (ஆடிட்டர் கூடுதலாகச் சொல்ல வேண்டியவற்றுக்கான அரசு உத்தரவு) இணைப்பில், தகராறில் உள்ள வரி, சட்டபூர்வ நிலுவைகள் எந்த மன்றத்தில் எவ்வளவு என்ற அட்டவணை.

பங்குச்சந்தை அறிவிப்புகளை பி.எஸ்.இ., என்.எஸ்.இ. இரண்டு தளங்களிலும் தேட வேண்டும். 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தனியாகத் திறந்து பாருங்கள். அந்த ஜூலையில், எதை வெளியிட வேண்டும் என்று தீர்மானிக்கும் புதிய முக்கியத்துவ வரம்புகள் அமலுக்கு வந்தபோது, அவற்றின்படி முக்கியமாகிவிட்ட பழைய, தொடரும் விஷயங்களை 30 நாளுக்குள் வெளியிடச் சொல்லியிருந்தார்கள். பல கம்பெனிகள் வழக்குகளை மொத்தப் பட்டியலாகக் கொடுத்தது அப்போதுதான்.

கம்பெனி எப்போதாவது ஐ.பி.ஓ., ரைட்ஸ், க்யூ.ஐ.பி. என்று ஏதாவது ஒரு வகையில் பங்கு வெளியிட்டிருந்தால் அந்த ஆவணத்தில் வழக்குகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கும். ஆண்டறிக்கையை விட அது பல மடங்கு விரிவானது. கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்களின் அறிக்கைகளையும் ஒரு பார்வை பாருங்கள். பங்குதாரருக்குச் சொல்லாத வழக்கை ரேட்டிங் ஏஜென்சிக்குச் சொல்லியிருப்பது புதிதல்ல.

மூன்றாம் படி: முக்கியத்துவக் கணக்கை நீங்களே போடுங்கள்

எல்லா வழக்கையும் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதை ஏற்றுக்கொண்டு தொடங்குபவரின் கேள்விக்குத்தான் எடை. கம்பெனிமேல் தாக்கம் ஏற்படுத்தக்கூடிய வழக்கு நிலுவையில் இருப்பதும் அதன் முடிவும், லிஸ்டிங் விதிமுறைகளின் 3-ஆம் அட்டவணை, ஏ பாகம், பி பத்தி, 8-ஆம் இனத்தில் வருகின்றன. பி பத்தியில் இருப்பவை முக்கியத்துவச் சோதனைக்கு உட்பட்டவை. 30-ஆம் விதிமுறை தரும் தொகைச் சோதனை மூன்று எண்களைக் கொண்டது: கடைசியாகத் தணிக்கையான ஒருங்கிணைந்த கணக்கின்படி விற்றுமுதலில் 2 சதவீதம், நிகர மதிப்பில் 2 சதவீதம் (நிகர மதிப்பு மைனஸில் இருந்தால் இது கிடையாது), கடைசி மூன்று ஆண்டுகளின் வரிக்குப் பிந்தைய லாபம் அல்லது நஷ்டத்தின் முழுமதிப்புச் சராசரியில் 5 சதவீதம். மூன்றில் எது குறைவோ அதுவே வரம்பு.

ஒரு கணக்கு போடலாம். விற்றுமுதல் 4,000 கோடி ரூபாய் என்றால் 2 சதவீதம் 80 கோடி. நிகர மதிப்பு 1,500 கோடி என்றால் 30 கோடி. மூன்று ஆண்டுகளில் லாபம் 120 கோடி, நஷ்டம் 60 கோடி, லாபம் 90 கோடி. இங்கேதான் தவறு நடக்கிறது: நஷ்டத்தைக் கழித்துச் சராசரி எடுத்தால் 50 கோடி வரும், அது சரியல்ல. நஷ்டத்தையும் கூட்ட வேண்டும் என்பதால் 270-ஐ மூன்றால் வகுத்து 90 கோடி. அதில் 5 சதவீதம் 4.5 கோடி. ஆக, 4,000 கோடிக்கு விற்கும் கம்பெனிக்கு வரம்பு வெறும் 4.5 கோடி. 12 கோடி கேட்டு ஒரு வழக்கு வந்தால் அது இந்த வரம்பை நன்றாகவே தாண்டுகிறது. லாபம் மெலிந்த கம்பெனிகளில் வரம்பு இன்னும் கீழே போகும். விற்றுமுதலைக் காட்டி "எங்கள் அளவுக்கு இது ஒரு தொகையே இல்லை" என்று சொல்லும் நிர்வாகங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தொகை வரம்புக்குள் இருந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. பின்னாளில் தெரியவந்தால் சந்தையில் பெரிய அதிர்வு வரக்கூடியது என்றாலும், ஏற்கெனவே வெளியிட்ட தகவலைத் தடம் மாற்றக்கூடியது என்றாலும் சொல்லியாக வேண்டும். உரிமம் ரத்து, தொழிற்சாலைக்குத் தடை, முக்கியப் பிராண்டின் உரிமை மீது வழக்கு ஆகியவற்றில் கோரும் தொகை பூஜ்ஜியமாகவே இருக்கலாம்; விளைவு அப்படி இருக்காது. துணை நிறுவனத்தின் வழக்கும், தாய்க் கம்பெனிக்கு முக்கியமானால், இதே விதிமுறைக்குள் வருகிறது.

கம்பெனியின் சொந்த முக்கியத்துவக் கொள்கை அதன் இணையதளத்தில் இருந்தாக வேண்டும். அதை இறக்கிப் படியுங்கள். யாருக்கு இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் என்று போர்டு நியமித்திருக்கிறது என்பதும், அவர்களின் தொடர்பு விவரமும் அங்கேயே இருக்கும். உங்கள் கேள்வி போக வேண்டிய ஆட்கள் அவர்கள்.

கெடு பற்றி ஒரு வார்த்தை. கம்பெனிக்கு வெளியிலிருந்து வரும் நிகழ்வு என்றால் 24 மணி நேரம். 2024 டிசம்பர் திருத்தத்தின்படி, வரி சாராத வழக்குகளில் கம்பெனிமேல் வரும் உரிமைகோரல்களின் விவரங்களை, உள்தகவல் வர்த்தகத் தடை விதிமுறைகள் கேட்கும் டிஜிட்டல் தரவுத்தளத்தில் பதிந்து வைத்திருந்தால், நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 72 மணி நேரம். அதாவது கூடுதல் அவகாசத்தை ஒரு கம்பெனி எடுத்துக்கொள்கிறது என்றால், அந்தத் தரவுத்தளத்தில் பதிவு இருக்க வேண்டும். இது அருமையான கேள்விக்கு வழி.

நான்காம் படி: எழுத்தில் கேளுங்கள், ஏ.ஜி.எம்.முக்கு முன்பே

ஏ.ஜி.எம். நோட்டீஸ் குறைந்தது 21 முழு நாள்களுக்கு முன் வரும். அதை வரிவரியாகப் படியுங்கள்: கேள்விகளை எத்தனை நாளுக்கு முன் அனுப்ப வேண்டும், ஸ்பீக்கராகப் பதிய எந்த மின்னஞ்சல், எந்தத் தேதி வரை என்பது அங்கே இருக்கும். கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பங்கு இருந்தாலும் கேட்கலாம். ஆனால் நோட்டீஸில் சொன்ன கட்-ஆஃப் தேதியில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். டீமேட்டில் பதிந்த அதே மின்னஞ்சலிலிருந்து, டிபி ஐடி, கிளையன்ட் ஐடி, காகிதப் பங்கு என்றால் ஃபோலியோ எண், பான் ஆகியவற்றோடு அனுப்புங்கள். வேறு மின்னஞ்சலில் போன கடிதங்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடுவது உண்டு.

பெறுநர் கம்பெனி செக்ரட்டரி. அவர்தான் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். நகல் முதலீட்டாளர் தொடர்பு அலுவலகத்துக்கும், கணக்குகளை மேற்பார்வையிடும் போர்டு குழுவான ஆடிட் கமிட்டியின் தலைவரின் பார்வைக்கு என்று குறிப்பிட்டும். முதலீட்டாளர் தொடர்பு அதிகாரியை மட்டும் துரத்துவதில் பயனில்லை. ஏற்கெனவே வெளியானதைத் திருப்பிச் சொல்வதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியாது.

கடிதம் ஆங்கிலத்தில் போவதுதான் நடைமுறை. உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய கம்பெனி செக்ரட்டரி அவர்களுக்கு. நான் தங்கள் கம்பெனியின் பங்குதாரர். இணைத்துள்ள நீதிமன்ற உத்தரவின்படி, இன்ன எண்ணுள்ள வழக்கில் கம்பெனி முதல் பிரதிவாதி. இன்ன தேதியில் கம்பெனி சார்பில் வழக்கறிஞர் முன்னிலையாகியிருக்கிறார். கோரப்படும் தொகை 12 கோடி ரூபாய். கடைசித் தணிக்கைக் கணக்கின்படி 30-ஆம் விதிமுறையின் தொகை வரம்பு 4.5 கோடி என்று கணக்கிடுகிறேன், கணக்கு இணைப்பில். இந்த வழக்கு பற்றிய அறிவிப்பைப் பங்குச்சந்தைத் தளங்களிலோ ஆண்டறிக்கையிலோ நான் காணவில்லை. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது பற்றி எந்தக் கருத்தையும் கேட்கவில்லை. கீழ்க்கண்டவற்றுக்கு மட்டும் பதில் வேண்டும்."

அதன் கீழே கேள்விகள், நான்கைந்துக்கு மேல் வேண்டாம்:

1. கம்பெனிக்கு நோட்டீஸ் கிடைத்த தேதி எது?
2. வெளியிடத் தேவையில்லை என்று எந்தத் தேதியில், எந்தப் பதவியில் உள்ளவர் முடிவு செய்தார்? எந்த வரம்புத் தொகையோடு ஒப்பிட்டார்?
3. இந்த விஷயம் ஆடிட் கமிட்டி முன்போ போர்டு முன்போ வைக்கப்பட்டதா?
4. கணக்கில் இதற்கு ஒதுக்கீடு செய்யப்பட்டுள்ளதா, கன்டின்ஜென்ட் லயபிலிட்டியில் சேர்ந்துள்ளதா, அல்லது இழப்புக்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று விடப்பட்டுள்ளதா?
5. வெளியிட்டிருந்தால், அந்த அறிவிப்பின் தேதி என்ன?

ஐந்தாவது கேள்வி மரியாதைக்காக மட்டுமில்லை. நீங்கள் ஏதாவது அறிவிப்பைத் தவறவிட்டிருந்தால் அது உங்களைக் காப்பாற்றும். மூன்றாவதற்குப் பின்னால் வலுவான காரணம் உண்டு: முக்கியமான ஷோ-காஸ் (விளக்கம் கேட்கும்), டிமாண்ட் (பணம் கேட்கும்), பிராசிக்யூஷன் (குற்றவழக்கு), அபராத நோட்டீஸ்களையும், பெரிய அளவிலான பொருள் பொறுப்புக் கோரல்களையும் போர்டு முன் வைக்க வேண்டும் என்று லிஸ்டிங் விதிமுறைகளின் 2-ஆம் அட்டவணையே சொல்கிறது. போர்டு மினிட்ஸைக் (கூட்டக் குறிப்பேட்டை) காட்டுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பங்குதாரருக்கு அந்த உரிமை கிடையாது, மறுப்பதற்கு அவர்களுக்கு ஒரு சுலபமான வரி கிடைத்துவிடும்.

"மோசடி", "மறைப்பு", "ஏமாற்று" போன்ற சொற்கள் கடிதத்தில் ஒன்றுகூட வேண்டாம். அவதூறு நோட்டீஸ் வரும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பதில் எழுதும் வேலை செக்ரட்டரியிடமிருந்து கம்பெனி வக்கீலிடம் போய்விடும். அதன் பிறகு தகவல் எதுவும் வராது.

ஐந்தாம் படி: கூட்டத்தில் பேசுவது

வீடியோ வழிக் கூட்டத்தில் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். வாழ்த்துக்கும் டிவிடெண்டுக்கு நன்றிக்கும் அதைச் செலவழிக்காதீர்கள். மூன்று வாக்கியம் போதும்: வழக்கு எண், தேதி, தொகை; உங்கள் வரம்புக் கணக்கு; பிறகு கேள்வி. ஒரே கேள்வியைக் கேளுங்கள். ஆறு கேள்வி கேட்டால் கேன்டீன், புதிய ஆலை, போனஸ் பங்கு பற்றியவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லி, நேரம் முடிந்தது என்பார்கள். கடிதம் அனுப்பிய தேதியைச் சொல்லத் தவறாதீர்கள். "இதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று தப்பும் வழி அதில் அடைபடுகிறது.

யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். சேர்மன் வழியாகத்தான் கேட்க வேண்டும், ஆனால் ஆளைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். ஆடிட் கமிட்டித் தலைவர் ஏ.ஜி.எம்.மில் இருந்து பங்குதாரர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது லிஸ்டிங் விதிமுறை 18. ஆடிட்டரோ அவருடைய அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியோ, விலக்கு இல்லாவிட்டால், கூட்டத்துக்கு வர வேண்டும் என்பது கம்பெனிகள் சட்டத்தின் 146-ஆம் பிரிவு. "சேர்மன் வழியாக ஆடிட் கமிட்டித் தலைவருக்கு: இந்த வழக்கு உங்கள் கமிட்டி முன் எந்தக் காலாண்டில் வந்தது?" என்ற கேள்விக்கு மூன்றே பதில்தான் இருக்க முடியும். வந்தது என்றால் தெரிந்தே வெளியிடவில்லை. வரவில்லை என்றால் உள்கட்டுப்பாட்டில் ஓட்டை. பதிலே சொல்லாவிட்டால் அதுவும் பதிவாகிறது. ஆடிட்டரிடம் கேட்பதானால், 11(ஏ) விதிப்படி அறிக்கை தரும் முன் இந்த வழக்கு அவர் பார்த்த பட்டியலில் இருந்ததா என்று மட்டும் கேளுங்கள்.

ஓட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரிமோட் இ-வோட்டிங் (முன்கூட்டியே இணையத்தில் ஓட்டுப் போடுவது) கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு முடிந்துவிடும். அதில் ஓட்டுப் போட்டவர் கூட்டத்துக்கு வரலாம், மறுபடி ஓட்டுப் போட முடியாது. பதிலைக் கேட்டுவிட்டு முடிவெடுக்க நினைத்தால், கூட்டத்தின்போது நடக்கும் மின் வாக்கெடுப்புக்காக ஓட்டை வைத்திருங்கள். கணக்கை ஏற்கும் தீர்மானம், ஆடிட்டர் நியமனம், ஆடிட் கமிட்டியில் உள்ள இயக்குநரின் மறுநியமனம் ஆகியவைதான் இந்தக் கேள்வியோடு ஒட்டியவை. நேரடிக் கூட்டத்துக்கு ப்ராக்ஸியை (உங்களுக்குப் பதில் ஒருவரை) அனுப்பலாம் என்று நினைத்தால், ப்ராக்ஸிக்குப் பேசும் உரிமை கிடையாது.

வழக்கமாக வரும் பதில்களும் அடுத்த கேள்வியும்

"சப் ஜூடிஸ்", அதாவது விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறது. மிகப் பழைய கேடயம். வழக்கு நிலுவையில் இருப்பதையே வெளியிடச் சொல்கிறது விதிமுறை. நிலுவையில் இருப்பதால் வெளியிட முடியாது என்றால் அந்த விதியே வேண்டியதில்லை. எதிர்த் தரப்பு, நீதிமன்றம், தகராறின் சுருக்கம், எதிர்பார்க்கும் நிதித் தாக்கம், கோரும் தொகை என்று வெளியிட வேண்டிய விவரங்களைச் செபியின் சுற்றறிக்கை வரிசையாகவே கொடுத்திருக்கிறது. வழக்கு முடியும்வரை முன்னேற்றங்களையும், சமரசமானால் அதன் நிபந்தனைகளையும் கூடச் சொல்ல வேண்டும். "யார் பக்கம் நியாயம் என்று கேட்கவில்லை, இந்த ஐந்து விவரங்களைத்தான் கேட்கிறேன்" என்று திருப்புங்கள்.

"மெட்டீரியல் இல்லை", அதாவது வெளியிடும் அளவுக்கு முக்கியமில்லை. உடனே கேளுங்கள்: எந்த வரம்புத் தொகை? அவர்கள் ஒரு எண்ணைச் சொன்னால் உங்கள் எண்ணோடு ஒப்பிடலாம். எண்ணே சொல்லாவிட்டால் கணக்கே போடவில்லை என்ற சந்தேகம் வலுக்கும்.

"வழக்கில் நாங்கள் ஜெயிப்போம் என்று வக்கீல் கருத்துக் கொடுத்திருக்கிறார், ஆகவே தாக்கம் எதுவும் இல்லை." இதுதான் கெட்டிக்காரத்தனமான பதில், நிதானமாகக் கையாள வேண்டும். இதில் இரண்டு வேறு சோதனைகள் குழம்புகின்றன. கணக்கியலில், அதாவது இந்திய ஏ.எஸ். 37-இல், இழப்பு நேர வாய்ப்பு நேராமல் போவதைவிட அதிகம் என்றால் ஒதுக்கீடு. சாத்தியம் உண்டு என்றால் குறிப்பில் வெளியீடு. மிகமிகக் குறைவு என்றால் எதுவும் வேண்டாம். வக்கீல் கருத்து அந்தச் சோதனைக்கு நேரடியாக உதவும். பங்குச்சந்தை வெளியீட்டுச் சோதனையோ "மதிப்பு அல்லது எதிர்பார்க்கும் தாக்கம்" என்று இரண்டையும் பேசுகிறது. ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்கும் போர்த்துகிறார்களா என்று கேளுங்கள்: "கணக்குக் குறிப்பு பற்றிய விளக்கம் புரிந்தது. 30-ஆம் விதிமுறைக்குத் தனியாக மதிப்பீடு செய்து பதிவு செய்தீர்களா?" வெளியிட்டால் வழக்கில் கம்பெனியின் நிலை கெடும் என்ற வாதத்துக்கும் அதே கணக்கியல் தரத்தில் இடமுண்டு. ஆனால் அது மிக அரிதான சந்தர்ப்பத்துக்கு. அப்போதும் தகராறின் பொதுத் தன்மையையும், விவரம் தராத காரணத்தையும் சொல்லியே ஆக வேண்டும்.

"இன்ஷூரன்ஸ் இருக்கிறது." நல்லது, இன்ஷூரர் பொறுப்பை எழுத்தில் ஏற்றுக்கொண்டாரா, டிடக்டிபிள் (கம்பெனியே ஏற்க வேண்டிய பகுதி) எவ்வளவு?

"உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்புகிறோம்." இது சலுகை போலத் தெரியும், பொறியாக முடியலாம். வழக்கின் வெளிவராத விவரங்கள் விலையைப் பாதிக்கும் உள்தகவலாக இருக்கக்கூடும். வழக்கு முடிவுகள் அந்த வரையறையில் 2025 திருத்தம் மூலம் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளன. யாராவது போனில் உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டால், அடுத்த நாள் நீங்கள் பங்கை விற்பது உங்கள் தலையில் விடியும். எழுத்தில் கேளுங்கள், பொதுவில் கேளுங்கள்: "எனக்கு அனுப்பும் பதிலைப் பங்குச்சந்தைக்கும் அனுப்புங்கள்." நீதிமன்றத் தளத்தில் எவரும் பார்க்கக்கூடிய தகவலை வைத்து நீங்கள் வாங்குவதும் விற்பதும் வேறு விஷயம், அதற்குத்தான் இறக்கிய ஆவணங்களைத் தேதியோடு வைத்துக்கொள்ளச் சொல்வது.

கூட்டத்துக்குப் பிறகு

ஏ.ஜி.எம். நடவடிக்கைகளின் சுருக்கம் பங்குச்சந்தைக்குப் போகும். வீடியோ கூட்டமாக இருந்தால் பேச்சின் எழுத்துப்படி கம்பெனித் தளத்தில் ஏறும். உங்கள் கேள்வியும் பதிலும் உள்ள பக்கத்தை இறக்குங்கள். பொதுக்கூட்ட மினிட்ஸைப் பார்க்க கம்பெனிகள் சட்டத்தின் 119-ஆம் பிரிவு உரிமை தருகிறது. நகல் கேட்டால் 7 வேலை நாளுக்குள் தர வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளின் பொதுக்கூட்ட மினிட்ஸ் மென்நகல் இலவசம். மினிட்ஸில் உங்கள் பேச்சு முழுவதும் இருக்காது, அளித்த விளக்கங்களின் சுருக்கம்தான் இருக்கும் என்பதால் எழுத்துப்படியே வலுவான சான்று.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து நினைவூட்டல் ஒன்று, பிறகு முதலீட்டாளர் புகார்களுக்கான செபியின் ஸ்கோர்ஸ் தளம். காரணம் எழுந்த ஓராண்டுக்குள் புகார் போட வேண்டும். கம்பெனி 21 நாளுக்குள் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் முதல் மறுஆய்வு, அதன் பிறகும் இல்லை என்றால் மேலும் 15 நாளுக்குள் இரண்டாம் மறுஆய்வு கேட்கலாம். இந்தக் கெடுக்களைத் தவறவிட்டால் புகார் தானாக முடிந்துவிடும், நிறையப் பேர் தோற்பது இங்கேதான். புகாரில் "தகவல் தரவில்லை" என்று எழுதாமல், "30-ஆம் விதிமுறையின் கீழ் இன்ன தேதிக்குள் வெளியிட வேண்டியது வெளியிடப்படவில்லை" என்று எழுதி, உத்தரவு, வரம்புக் கணக்கு, உங்கள் கடிதம், ஏ.ஜி.எம். பக்கம் நான்கையும் இணையுங்கள். பங்குச்சந்தையின் முதலீட்டாளர் குறைதீர்ப் பிரிவுக்கும் இதையே அனுப்பலாம். பங்குச்சந்தை கேட்கும் விளக்கத்துக்குக் குறிப்பான, போதுமான பதில் தரக் கம்பெனி கடமைப்பட்டது. உங்கள் கடிதத்துக்கு மௌனம் காத்தவர்கள் அதற்கு மௌனம் காக்க முடியாது. இந்த வழியில் பண நஷ்டஈடு கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

அதற்கு மேல் போக எண்ணிக்கை தேவை. சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டக் கோர வாக்குரிமையுள்ள மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். விசாரணை கேட்டு 213-ஆம் பிரிவில் என்.சி.எல்.டி. போக 100 உறுப்பினர்கள், அல்லது வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கு. 245-ஆம் பிரிவின் கூட்டு வழக்குக்கு 100 உறுப்பினர்கள் அல்லது மொத்த உறுப்பினர்களில் 5 சதவீதம், எது குறைவோ அது. அல்லது லிஸ்டட் கம்பெனியில் 2 சதவீத மூலதனம். சில்லறைப் பங்குதாரர்களுக்கு 100 பேரைச் சேர்ப்பதுதான் எட்டக்கூடிய வழி.

பட்டியலிடப்படாத கம்பெனி என்றால் 30-ஆம் விதிமுறையும் ஸ்கோர்ஸும் கிடையாது. கணக்குக் குறிப்புகள், ஆடிட்டரின் 11(ஏ) பத்தி, கம்பெனியின் தொடர் இயக்கத்தைப் பாதிக்கும் நீதிமன்ற உத்தரவுகளைச் சொல்ல வேண்டிய இயக்குநர் அறிக்கை ஆகிய மூன்றை வைத்தே கேள்வியைக் கட்ட வேண்டும். அங்கே பங்குதாரர்கள் குறைவு என்பதால், 100 பேர் என்ற எண்ணிக்கைக்குப் பதில் மூலதனச் சதவீதத்தைக் கணக்கில் எடுங்கள்; 245-இல் அது 5 சதவீதம்.